நுனிப் பாரம்

“நீளம் கூடிப்போச்சு,” என்று சொல்லி யோகராணி துவக்கைத் திருப்பிக் கொடுத்தாள்.

கடைக்காரர் முகம் கோணவில்லை. சிவந்த கழுத்தும் பெரிய கைகளுமான அந்த வெள்ளைக்காரர் அதைச் சுவர்த் தாங்கியில் பக்குவமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். ஒடாஹுஹு கடைத்தெருவில் ஒரு மீன்கடைக்கும் சப்பாத்துக் கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த கடை அது. உள்ளே கம்பளிச் சட்டைகளும் தூண்டில்களும் எண்ணெய் மணமும். சேலைக்கு மேல் புருசனின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, துவக்குக்குத் துவக்கு நொட்டை சொல்லும் ஒருத்தியை அந்தக் கடை அதற்கு முன் கண்டிருக்காது.

“அக்கா, இந்தத் துப்பாக்கி நல்லாத்தானே இருக்கு,” என்றான் மோகனதாஸ். “அண்ணனே இதைப் பல தடவை எடுத்துப் பாத்திருக்காரு.”

“எடுத்துப் பாத்தவர்தான். வாங்கேல்லையே தம்பி.”

மோகனதாஸ் ஈப்போக்காரன். ரயில் பட்டறையில் அவள் கணவன் இராசநாயகத்தோடு வேலை செய்பவன். சனிக்கிழமைகளில் அவரோடு தெற்கே பண்ணைகளுக்கு முயல் சுடப் போகிறவன். துவக்கு வாங்கப் பொலிசு கொடுத்த லைசன்ஸ் வேண்டும். அது அவனிடம் இருந்தது. இராசநாயகத்திடமும் இருந்தது. ஆனால் அவர் மனுரேவாவில், தன் வீட்டில், செத்துக்கொண்டிருந்தார்.

செத்துக்கொண்டிருந்தாரே தவிர, சாகவில்லை. வயிற்றில் வந்த புற்று. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆசுபத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்றோ நாளையோ என்று டாக்டர் சொன்ன அந்த நாளை எப்போதோ போய்விட்டது. தண்ணீர்கூட இறங்கவில்லை, ஆனால் மூச்சு மட்டும் போவதும் வருவதுமாக இருந்தது. கிளென்ஃபீல்டில் மகளோடு இருந்த அவருடைய தமக்கை அன்னபாக்கியம் உடுப்புப் பையோடு வந்து இறங்கினாள். தம்பியை ஒரு பொழுது முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முடிவாகச் சொன்னாள்:

“உயிர் எதிலையோ தடக்குப்பட்டு நிக்குது ராணி. என்ன ஆசையெண்டு பாத்துக் குடுத்தாத்தான் போகும்.”

அதன் பிறகு வீடு ஆசை தேடும் வீடாகிவிட்டது. பொன் உரைத்துப் பால் பருக்கினார்கள். விரும்பித் தின்னும் மீன் குழம்பை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்கள். மண்ணாசையாக இருக்கலாம் என்றாள் அன்னபாக்கியம். ஊர் மண்ணுக்கு எங்கே போவது? பின்வளவில் அவர் மிளகாய்க் கன்று வைத்த பாத்தி மண்ணைக் கரைத்து உதட்டில் தடவினார்கள். மறுநாள் வந்த தாதி அவருடைய வாயோரத்தில் சேற்றைக் கண்டு இவர்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு எந்த மொழியிலும் விளக்கம் சொல்ல யோகராணியால் முடியவில்லை.

அப்புறம்தான் அவர் வாய் திறந்தார். கண் மூடியபடியே, “நுனிப் பாரம்... நுனிப் பாரம்...” என்றார். சன்னி என்று நினைத்துப் பெண்கள் இருவரும் அழுதார்கள். பார்க்க வந்திருந்த மோகனதாஸ்தான் மெதுவாகச் சொன்னான்.

“அது துப்பாக்கி பேச்சுக்கா. குழல் முனையில வெயிட் ஜாஸ்தியா இருந்தா அண்ணன் அப்படித்தான் சொல்வாரு. லைட்டா ஒண்ணு தேடிட்டே இருந்தாருல்ல.”

“அப்ப அதுதான்!” என்று அன்னபாக்கியம் எழுந்தே விட்டாள். “துவக்குத்தான்! கையிலை குடுத்தாப் போயிடுவான். ராணி, நாளைக்கே கடைக்குப் போட்டு வா.”

இராசநாயகத்துக்குத் துவக்கு என்றால் உயிர். வன்னியில் நில அளவையாளராக இருந்த காலத்தில் பன்றி, நரி என்று ஒன்றையும் விட்டுவைக்காத மனுசன். இந்த நாட்டில் நரியே கிடையாது என்று கேள்விப்பட்டபோது, வந்த புதிதில், ஏதோ தன்னை ஏமாற்றிக் கூட்டி வந்துவிட்ட மாதிரி நாள் முழுக்கக் கதைக்காமல் இருந்தார். பிறகு முயலையும் மரத்துக்கு மரம் தாவி மொட்டைத் தின்னும் பொசம் என்ற பிராணியையும் கண்டு சமாதானமானார். பண்ணைக்காரர்கள் வா வா என்றார்கள். கையில் இருந்தது பழைய பட்டாளத் துவக்கு. புற்று வருத்தம் தொடங்கிக் கை மெலிந்ததும் அதைத் தூக்க முடியவில்லை. அதை விற்றுவிட்டு, இருபத்திரண்டு என்று இங்கே எல்லோரும் சொல்லும் சின்னத் தோட்டாத் துவக்கொன்று தேடத் தொடங்கினார்.

அந்தத் தேடலை யோகராணி சோற்றோடு சோறாகக் கேட்டுத் தின்றிருக்கிறாள். லேசாக இருக்க வேண்டும். ஆனால் காற்றுக்கு ஆடுகிற லேசு கூடாது. குழல் கட்டையாக இருக்க வேண்டும். சத்தம் அடுத்த பற்றைக்குள் இருக்கிற முயலைக் கலைக்கக் கூடாது. விசைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு விரலில் தாங்கினால் தராசு மாதிரி நிற்க வேண்டும். வீடு கூட்டும் தும்புத்தடியை விரலில் தாங்கி அவளுக்குக் காட்டுவார். நுனிப் பாரமாக இருந்தால் கை சோர்ந்துவிடும், முயல் சிரித்துக்கொண்டு போய்விடும் என்பார். ஒவ்வொரு சனியும் கடைக்குப் போய் வெறுங்கையோடு வருவார். அவளும் ஒவ்வொரு சனியும் அதையே சொல்வாள்: “சுகமாகினாப் பிறகு ஆறுதலா வாங்குங்கோ.”

இன்றைக்கு அவள் இங்கே நிற்கிறாள். வாங்கிக் கொடுத்தால் போய்விடுவார். கொடுக்காவிட்டால் கிடந்து இழுபடுவார். இந்த இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யத்தான் அவளை அனுப்பியிருந்தார்கள். துவக்குத் தெரிவு என்று அதற்குப் பேர் வைத்திருந்தார்கள். இதெல்லாம் உண்மையாக இருக்குமா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. பொய்யென்று தூக்கி எறியவும் துணிவு வரவில்லை.

ஆகவே நொட்டை சொன்னாள். அவர் சொல்லித் தந்த நொட்டைகளையே ஒவ்வொன்றாக எடுத்து வீசினாள். இது நீளம். இது ஆடுகிறது. இதன் பிடி தடிப்பு, மெலிந்த கைக்குள் அடங்காது. மோகனதாஸ் இங்கிலீசில் மாற்றிச் சொல்லச் சொல்ல, கடைக்காரர் புருவத்தை உயர்த்தி அவளை மரியாதையோடு பார்க்கத் தொடங்கினார். கடைசியில் பின்னறைக்குப் போய் ஒன்றைக் கொண்டுவந்தார். கட்டைக் குழல், கடும் மண்ணிறத்தில் மரப்பிடி.

அவள் கையில் வாங்கினாள். ஐயோ என்றிருந்தது. கையில் ஒன்றும் இல்லாத மாதிரி இருந்தது. அவசரமாக விரலை வைத்துத் தாங்கிப் பார்த்தாள். இந்தப் பக்கமும் சரியவில்லை, அந்தப் பக்கமும் சரியவில்லை. திருப்பினாள், குழலைப் பார்த்தாள், பிடியைத் தடவினாள். ஒரு கீறலாவது இருக்கக் கூடாதா?

“அக்கா?” என்றான் மோகனதாஸ்.

அவள் கண் நிறைந்து வழிந்தது. கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருக்கு இராசநாயகத்தைத் தெரியும், வருத்தம் தெரியாது. துவக்கைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, இந்த வருசம் முயல் பெருத்துப்போய்க் கிடக்கிறது, உன் புருசனுக்கு நல்ல வேட்டைதான், நான் விசாரித்ததாகச் சொல் என்றார். மோகனதாஸ் தூண்டில்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். சொல்கிறேன் என்று அவள் இங்கிலீசில் சொன்னாள்.

காரில் அவள் மெதுவாகப் போங்கோ என்று மட்டும் சொன்னாள். வெள்ளிக்கிழமைப் பின்னேரம், தொழிற்சாலைகள் விட்டு வந்த கார்கள் பின்னால் நின்று ஹோன் அடித்தன. வீட்டு வாசலில் கார் நின்றதும் அவன் காரின் பின்பெட்டியைத் திறக்க இறங்கினான். அவள் அவன் கையைப் பிடித்தாள்.

“தம்பி, அது உள்ளுக்கையே கிடக்கட்டும். கடையிலை சரியானது இல்லையெண்டு சொல்லப்போறன்.”

“அக்கா...”

“திங்கள் வருமெண்டு சொல்லப்போறன். நீங்கள் ஒண்டும் சொல்லாதேங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டு காரை எடுத்துப் போனான்.

“கிடைச்சுதோ?” என்று அன்னபாக்கியம் கதவிலேயே கேட்டாள்.

“இல்லை மச்சாள். எல்லாம் பாரம். திங்கக்கிழமை வருமாம்.”

“திங்களோ,” என்றாள் அன்னபாக்கியம். அவள் முகத்தைப் பார்த்தாள்.

யோகராணி உள்ளே போய் அவர் பக்கத்தில் அமர்ந்தாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெட்கம் கெட்ட ஒரு சந்தோசம் நெஞ்சுக்குள் குறுகுறுத்தது. திங்கள் வரைக்கும் இவர் எனக்குத்தான் என்று நினைத்தாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. இந்த நாட்டில் அவளை “ராணி” என்று கூப்பிட ஒரே ஒரு ஆம்பிளைக் குரல்தான் இருந்தது.

அன்றிரவு அவர் பட்ட பாட்டை அவள் பிறகு ஒருவருக்கும் சொன்னதில்லை.

காலையில் தாதி வந்து உடம்பு துடைத்தாள். ஒரு பக்கமாகத் திருப்பியபோது அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. மனுசர் போடுகிற சத்தம் இல்லை அது. முதுகில் தோல் உரிந்து தாதியின் துணியோடு வந்தது. ஊசிக்கு இடம் தேடித் தேடி, ஊசி போட்டுவிட்டு, பின்னேரம் திரும்ப வருகிறேன் என்று தாதி யோகராணியின் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். யோகராணி குசினிக்குள் வந்து சுவரைப் பார்த்து நின்றாள். என்ன செய்ய? கடவுளே, நான் என்ன செய்ய?

அடுப்பில் பால் காய்ச்சிக்கொண்டிருந்த அன்னபாக்கியம் திரும்பாமலே கதைத்தாள்.

“நீ நேற்று வந்த முகத்தை நான் பாத்தனான் பிள்ளை. ஒண்டும் கிடைக்காமல் வந்தவளின்ரை முகம் இல்லை அது.”

யோகராணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

“நான் கேக்கேல்லை. கேக்கவும் மாட்டன். என்ரை மனுசன் போகேக்கை நானும் விடமாட்டனெண்டு கதவைப் பூட்டிப்போட்டு இருந்தவள்தான்.” பால் பொங்கி வந்தது. அடுப்பை நிறுத்தினாள். “ஆனா ராணி, அவன் பாவம்.”

யோகராணி போனை எடுத்து மோகனதாஸைக் கூப்பிட்டாள். “கொண்டாங்கோ தம்பி,” என்றாள்.

அவன் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தான். சுட முடியாதபடி போல்ட்டைக் கழற்றித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சும்மா மரமும் இரும்புமாக அதை உள்ளே எடுத்து வந்தான். அன்னபாக்கியம் தலையணைகளை அடுக்கித் தம்பியின் தலையைச் சற்று உயர்த்தினாள். ஜன்னலுக்கு வெளியே எலுமிச்சை மரமும் உடுப்புக் கொடியும் பக்கத்து வீட்டு வேலியும் தெரிந்தன.

“அண்ணே,” என்றான் மோகனதாஸ். “அண்ணே, வந்திருச்சு. பாருங்க.”

பிடியை அவர் தோளில் பொருத்தி வைத்தான். வலக்கையைத் தூக்கிப் பிடியைச் சுற்றி வைத்து, தன் கையால் மூடிப் பிடித்தான். இடக்கை வரவில்லை, எலும்பும் தோலுமாகப் போர்வை மேல் கிடந்தது. தாங்க ஆளில்லாமல் குழல் சரியப் பார்த்தது. யோகராணி கட்டிலின் மறுபக்கம் போய் இரண்டு உள்ளங்கைகளையும் குழலின் நுனிக்குக் கீழே கொடுத்தாள்.

புது எண்ணெயின் மணம் அறையில் பரவியது. அவர் கண் திறந்தார். பழைய பார்வை இல்லை, ஆனால் ஜன்னல் பக்கம் போனது. சுட்டுவிரல் மெல்ல ஊர்ந்து விசையைத் தேடிக் கண்டுபிடித்து அதன்மேல் படுத்துக்கொண்டது.

“இஞ்சாருங்கோ,” என்றாள் யோகராணி. “பாரமோ?”

அவர் யோசிப்பது போலிருந்தது. கடையில் நின்று யோசிக்கிற அதே யோசனை. அவசரமில்லாத மனுசன்.

“இல்லை,” என்றார். உதடுதான் அசைந்தது, மூன்று பேரும் குனிந்து கேட்டார்கள். “நல்ல லேசு... ராணி, இது காணும், வேறை வேண்டாம்.”

அவள் தலையை ஆட்டினாள். நேற்று ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்த துவக்கு அவளுடைய கைகளில் இறங்கிக்கொண்டு வந்தது. பிடியைப் பற்றியிருந்த அவருடைய விரல்கள் ஒவ்வொன்றாக விட விட, அவர் விட்ட பாரம் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. அவள் முழங்காலைக் கட்டில் சட்டத்தில் முட்டுக்கொடுத்து நின்றாள். நுனி ஒரு நூல் இறங்காமல் பார்த்துக்கொண்டாள்.

அன்னபாக்கியம் பால் கரண்டியை வாயருகே கொண்டுபோனாள். பால் கடைவாயால் வழிந்தது. கரண்டியை வைத்துவிட்டுத் தம்பியின் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு, “என்ரை ராசா,” என்று தொடங்கி, தெருவெல்லாம் கேட்க அழுதாள். மோகனதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தான்.

“குடுங்கக்கா. நான் எடுத்துக்கறேன்.”

அவள் கொடுக்கவில்லை.

“அக்கா, கை நோகும். கீழ வச்சிருங்க.”

“கொஞ்சம் நில்லுங்கோ தம்பி,” என்றாள் யோகராணி.

துவக்கின் மற்ற நுனி இன்னும் அவருடைய தோளில்தான் இருந்தது. வெளியே வேலிக்கு அப்பால், அழுகைச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்தினாள்.