கண்ணாடி யாரிடம் இருந்தது

என் தம்பி ரெனோ மூக்குக்கண்ணாடி துடைக்கக் கைக்குட்டை வைத்திருந்ததே இல்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து என் ஸ்வெட்டரின் ஓரம்தான் அவனுக்குத் துணி. அந்தத் திங்கட்கிழமை காலையும் பரிசோதனை அறைக்குள் வந்தவன், நான் திரவ நைட்ரஜனைக் குடுவையில் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே, இடுப்புப் பக்கம் என் ஸ்வெட்டரை இழுத்து இரண்டு வில்லைகளையும் துடைக்க ஆரம்பித்தான்.

“கையில என்ன இருக்குன்னு பாத்துட்டு இழுடா. கொட்டிச்சுன்னா கால் விரல் காலி.”

“இந்த மாதிரி துணி மெல்போர்ன் பூரா தேடிட்டேன், செட்டா. கிடைக்கவே இல்ல.” கொன்செட்டா என்ற என் பெயரை அவன் அப்படித்தான் சுருக்குவான்.

“ஒரு கல்யாணத்தைப் பண்ணிக்கோ. அவ ஸ்வெட்டரை இழு.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தான். “இப்பதான் தெரியுது. நீ இன்னிக்குத் தலையே சீவல.”

சிரித்துக்கொண்டே போய்விட்டான். மேசையில் அவன் பாதி கடித்து வைத்திருந்த, தக்காளி தேய்த்து எண்ணெய் ஊற்றிய ரொட்டி இருந்தது. அதன் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தேன்.

அவன் பார்வை எவ்வளவு மோசம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். சின்ன வயதில் ஒரு கோடையில் கடற்கரையில் அலை அவன் கண்ணாடியை அடித்துக்கொண்டு போய்விட்டது. தண்ணீரிலிருந்து ஏறி வந்தவன் நேராக வேறொரு குடும்பத்தின் விரிப்பில் போய் உட்கார்ந்து, “அம்மா, ரொட்டி” என்று கை நீட்டினான். அந்த அம்மாளும் கொடுத்துவிட்டாள். பாதி தின்ற பிறகுதான் உள்ளே இருப்பது எங்கள் அம்மா வைக்கும் முயல் கறி இல்லை என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. எங்கள் வீட்டில் இதைச் சொல்லிச் சிரிக்காத கிறிஸ்துமஸ் கிடையாது. என் கணவர் டிர்க்கும் எங்களோடு சேர்ந்து சிரித்தவர்தான்.

நாங்கள் ஆஸ்திரேலியாவின் லட்ரோப் பள்ளத்தாக்கில் குடியேறிய மால்டாக்காரர்கள். அப்பா சால்வு, பழுப்பு நிலக்கரி வெட்டும் இயந்திரத்தில் ஆயுள் முழுக்க இருந்தவர். மின்நிலையம் மூடிய பிறகு, அதே நிலக்கரியிலிருந்து மின்தேக்கிகளுக்கான கரி செய்யும் சின்ன ஆலை ஒன்று மார்வெல் ஊருக்கு வெளியே வந்தது. டச்சுக்காரக் குடும்பத்துப் பிள்ளையான டிர்க் அங்கே மேற்பார்வையாளர். எனக்குப் பரிசோதனை அறை வேலை கிடைத்தது. மெல்போர்னில் கரியின் துளைகளைப் பற்றியே படித்து முனைவர் பட்டம் வாங்கியிருந்த ரெனோவை, “வெளியூர்க்காரனுக்கு உழைச்சது போதும், வீட்டுக்கு வாடா” என்று அழைத்து வந்ததும் டிர்க்தான்.

ஆலைக்கு வரும் விருந்தாளிகளிடம் எல்லாரும் ஒன்றையே சொல்வார்கள்: ஒரு சிட்டிகைக் கரிக்குள் இருக்கும் சுவர்களைப் பிரித்து விரித்தால் ஒரு விளையாட்டு மைதானம் நிறையும். ரெனோவுக்கு அது பிடிக்காது.

“மைதானம் பெருசா இருந்து என்ன பண்றது? கேட்டுக்குள்ள ஆள் நுழைய முடியலன்னா மேட்ச் எங்க நடக்கும்?”

அவன் வேலை அந்தக் கேட்டுதான். துளை மிகச் சிறியதாக இருந்தால் மின்னூட்டத்தைச் சுமந்து வரும் அயனி உள்ளே போகாது. பெரியதாக இருந்தால் போகும், ஆனால் தங்க இடம் கொஞ்சம்தான் இருக்கும். சின்ன அறைகள் வேண்டும், அவற்றுக்குப் போய்ச் சேர அகலமான நடைகளும் வேண்டும். கரியோடு பொட்டாஷைக் கலந்து உலையில் சுடும்போது, கலவையின் அளவையும் சூட்டையும் நேரத்தையும் மாற்றி மாற்றி அவன் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு மாதிரியையும் என்னிடம் கொண்டு வருவான். கடுங்குளிரில் அது எவ்வளவு நைட்ரஜனை உறிஞ்சுகிறது என்று அளந்தால் திரையில் ஒரு வளைவு வரும். உள்ளே என்ன அளவில் எத்தனை துளை என்று அதைப் பார்த்துச் சொல்லலாம்.

அந்தத் திங்களுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை வந்த வளைவு நாங்கள் அதுவரை பார்க்காதது. செங்குத்தாக ஏறி, முழங்கை மடங்குவது போலத் திரும்பி, பிறகு மெதுவாக இன்னொரு ஏற்றம். சின்ன அறைகளும் இருந்தன, நடைகளும் இருந்தன. ரெனோ என் நாற்காலியைச் சுழற்றிவிட்டான். டிர்க் வந்து திரையைப் பார்த்து, “இதை வாங்குறவங்களுக்குக் காட்டியே ஆகணும். திங்கக்கிழமை வரச் சொல்றேன்” என்றார். உலையிலிருந்து வந்த கரி முழுவதையும் பொட்டாஷ் போகக் கழுவுவதற்காகத் தொட்டியில் போட்டு, தண்ணீரை வடித்து, மூடிவிட்டுப் போனார்கள். சனியும் ஞாயிறும் அது ஈரத்தோடு உள்ளேயே கிடந்தது.

ஈரக்கரி காற்றிலிருக்கும் ஆக்சிஜனைத் தின்னும். மூடிய தொட்டியில் நாள்கணக்கில் கிடந்தால், மேலே நல்ல காற்று இருப்பது போல இருக்கும், அடியில் இருக்காது. வாசனையோ புகையோ எதுவும் காட்டிக்கொடுக்காது. தொட்டியின் மேல் ஒட்டியிருந்த விதியை எழுதியவனே ரெனோதான்: காற்றளவுமானியைக் கயிற்றில் கட்டி அடி வரை இறக்கிப் பார்க்க வேண்டும். தொட்டியின் வாயருகே ஓர் ஆள் நிற்க வேண்டும். உள்ளே போனவன் வெளியே வரும் வரை அந்த ஆள் நகரக் கூடாது.

எங்கள் ஆலையில் எழுதப்படாத ஒரு பழக்கமும் இருந்தது. கழுவும் தொட்டியில் அமில நெடி இருக்கும் என்பதால் முகம் முழுக்க மூடும் முகமூடி போட வேண்டும். கண்ணாடியோடு அதைப் போட்டால் காதோரம் ஒட்டாது. கண்ணாடிக்காரர்கள் தொட்டியின் வாய்வரை கண்ணாடியோடு ஏறி, அங்கேதான் கழற்றுவார்கள். வாயில் நிற்கிற ஆள் அதை வாங்கிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வான். டிர்க் ரெனோவிடம் எப்போதும் சொல்வார்: “மச்சான், உன் கண்ணு என் பாக்கெட்ல இருக்கு. மரியாதையா திரும்பி வந்து வாங்கிக்கோ.”

அந்த முகமூடி நெடியை வடிகட்டுமே தவிர மூச்சுக்குக் காற்றுக் கொடுக்காது.

அந்தத் திங்கட்கிழமை அபாய மணி ஒலித்தபோது நான் இன்னும் குடுவையோடுதான் இருந்தேன். வெளியே ஓடினேன். வாங்க வந்தவர்கள் மூன்று பேர் புத்தம்புதுத் தலைக்கவசத்தோடு முற்றத்தில் நின்றார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொட்டியின் மேலே மூச்சுக் கருவி மாட்டிய ஆட்கள். டிர்க் படிக்கட்டின் கீழே என்னைப் பிடித்து நிறுத்திக்கொண்டார். அவர் மார்பில் முகத்தை வைத்து அழுதேன். ஏதோ கடினமாகக் கன்னத்தில் அழுத்தியது. பேனா என்று நினைத்தேன்.

சாயங்காலமே ஊருக்குக் கதை தெரிந்துவிட்டது. டிர்க் காலையிலிருந்து கேட்டருகே விருந்தாளிகளுக்காகக் காத்திருந்தார். மாதிரி எடுக்க ரெனோ அவசரப்பட்டு, யாரிடமும் சொல்லாமல், அளந்து பார்க்காமல் தனியாக இறங்கிவிட்டான். போலீஸிடமும் டிர்க் இதைத்தான் சொன்னார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் குரலைத் தாழ்த்தி, “அவ்வளவு படிச்ச பையன்” என்றார்கள். அதற்கு மேல் சொல்லவில்லை.

அப்பாவால் தாங்க முடியாதது அதுதான். மகன் போனதை அவர் அழுது தீர்த்திருப்பார். சுரங்கத்தில் இத்தனை வருஷம் விதியை மீறுகிறவர்களைத் திட்டியே பழகியவர்.

“அவன் எழுதினதை அவனே மீறினானா? நான் அப்படியா அவனை வளர்த்தேன், கொன்செட்டா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிரார்த்தனைக்கு வந்தவர்களின் முகத்தை அவர் பார்க்கவில்லை. மகனின் மடத்தனத்துக்காக வெட்கப்பட்டார்.

அடக்கத்துக்கு முதல்நாள் காலை டிர்க் சமையலறை மேசையில் ரெனோவின் கண்ணாடியை வைத்தார்.

“அவன் லாக்கர்ல இருந்துச்சு. அவனோட வைக்கணும்னு நீ நினைப்பேன்னு எடுத்துட்டு வந்தேன்.”

நன்றி சொன்னேன். என் ஸ்வெட்டர் ஓரத்தை இழுத்துத் துடைத்தேன். ஒரு வில்லை துடைத்து முடித்துவிட்டேன். இரண்டாவதில் என் கை நின்றுவிட்டது.

லாக்கர் அறையிலிருந்து தொட்டிக்கு வர, லாரிகள் திரும்பும் சரளை முற்றத்தைக் கடக்க வேண்டும். பிறகு செங்குத்தான இரும்புப் படி. கடற்கரையில் சொந்த அம்மாவைக் கண்டுபிடிக்க முடியாதவன் இவன்.

“டிர்க், இது லாக்கர்ல இல்ல.”

“லாக்கர்லதான் இருந்துச்சு.”

“கண்ணாடி இல்லாம அவன் எப்படிப் படி ஏறினான்?”

அவர் காபிக் கோப்பையைக் கழுவ ஆரம்பித்தார். ஏற்கெனவே கழுவி வைத்திருந்த கோப்பை அது.

“உன் பாக்கெட்ல இருந்துச்சு. நான் உன் மேல சாஞ்சு அழுதப்ப என் கன்னத்துல குத்துச்சு.”

குழாயை மூடாமலே நின்றார். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். அடியிலிருந்து நன்றாகக் கழுவிய கரி வேண்டும் என்று கேட்டதே அவர்தான். அளந்தாயா என்று ரெனோ கேட்டிருக்கிறான். அளந்தாச்சு என்று இவர் சொல்லியிருக்கிறார். அளந்தது வாயருகே மட்டும். கயிறு கீழே கொட்டகையில் இருந்திருக்கிறது. ரெனோ கண்ணாடியைக் கொடுத்துவிட்டு இறங்கியிருக்கிறான். கேட்டில் கார் ஹாரன் கேட்டிருக்கிறது.

“ரெண்டே நிமிஷம், செட்டா. கேட்டைத் திறந்துவிட்டு வந்துடலாம்னு போனேன். கை கொடுத்தாங்க, பேசினாங்க. எப்படி விட்டுட்டு வர்றது? திரும்பி வந்து பாத்தா…”

“அதை ஏன் போலீஸ்ல சொல்லல?”

“சொன்னா அவன் எழுந்து வந்துடுவானா? என்னை உள்ள தள்ளுவாங்க. போனவன் போயிட்டான். நாம வாழணும்ல?”

“அவன் மேல பழி போட்டுட்டு வாழணுமா?”

“அவனுக்கு இனிமே என்ன வலிக்கப் போகுது?”

பதினேழு வருஷம் ஒரே கட்டிலில் படுத்த மனிதர். என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துத்தான் அதைச் சொன்னார். எனக்கு அது இன்னும் புரியவில்லை.

கோட்டைக்கூட எடுக்காமல் அப்பா வீட்டுக்கு நடந்தேன். டிர்க்கும் பின்னாலேயே வந்தார், “நானே சொல்றேன், நானே சொல்றேன்” என்று. ஆனால் வாசலிலேயே நின்றுவிட்டார். நான்தான் சொன்னேன். கண்ணாடியை அப்பாவின் கையில் வைத்தேன்.

அப்பா வெகுநேரம் அதன் காதுகளை மடக்கி விரித்துக்கொண்டிருந்தார். பிறகு மருமகனைப் பார்த்துக் கேட்டார்:

“எந்தப் பாக்கெட்?”

டிர்க்கின் கை தானாகவே எழுந்து இடது மார்பைத் தொட்டது.

“சரி” என்றார் அப்பா. “இதை விசாரணையிலயும் சொல்லிடு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம் உங்கிட்ட.”

“சொல்றேன், பா.”

மறுநாள் அடக்கத்துக்கு அப்பா தலை நிமிர்ந்து வந்தார். பெட்டியின் ஒரு முனையைத் தானே பிடித்தார். மறுமுனையைப் பிடிக்க டிர்க்கையும் அனுமதித்தார். சொல்கிறேன் என்று ஒருவன் சொன்னால் சொல்லிவிடுவான் என்று நம்பிய தலைமுறை. கண்ணாடியை நான் பெட்டியில் வைக்கவில்லை.

மரண விசாரணைக்கு மாதங்கள் ஆயின. நான் அப்பா வீட்டிலேயே இருந்தேன். டிர்க் ஞாயிற்றுக்கிழமைகளில் பாஸ்டிட்ஸி என்னும் மால்டாப் பலகாரம் வாங்கிக்கொண்டு வருவார். அப்பா ஒன்றை எடுத்துத் தின்பார். அந்த மனிதர் விசாரணையில் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் வீட்டுக்குத் திரும்பியிருப்பேனோ என்னவோ. திரும்பியிருக்கலாம்.

விசாரணை அன்று டிர்க் கழுத்துப்பட்டை கட்டி வந்தார். எங்கள் கல்யாணத்தில் ரெனோ கட்டிவிட்ட அதே பட்டை. சத்தியம் செய்துவிட்டு, எங்கள் பக்கம் பார்க்காமல் சொன்னார்:

“நான் காலையிலேர்ந்து கேட்டுலதான் இருந்தேன். அவர் தனியாத்தான் இறங்கியிருக்கணும். கண்ணாடி லாக்கர்ல இருந்துச்சு.”

அப்பா எழுந்து நின்றார். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார்.

என்னைக் கூப்பிட்டபோது கண்ணாடியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். சமையலறையில் சொன்னதை, இடது மார்பைத் தொட்டதை. அந்தக் கடற்கரைக் கதையைக்கூடச் சொன்னேன். பின்வரிசையில் யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். ஆலையின் வழக்கறிஞர் மரியாதையாகத்தான் கேட்டார்.

“உங்க தம்பிகிட்ட ரெண்டாவது கண்ணாடி இருந்துச்சா, மேடம்?”

“இருந்துச்சு. பழசு. வீட்டு டிராயர்ல.”

“அன்னிக்குக் காலையில அது டிராயர்லதான் இருந்துச்சுன்னு நீங்க பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. யார் பார்ப்பார்கள்? அதைப் போட்டுக்கொண்டு அவன் ஏறியிருக்கலாம் என்று ஆகிவிட்டது.

அவ்வளவுதான். தொட்டியின் வாயில் ஆள் நின்றாரா என்பதை நிர்ணயிக்க இயலவில்லை என்று முடிவு வந்தது. வெளியே வாகன நிறுத்தத்தில் டிர்க் எங்களை நோக்கி வந்தார். “பா” என்று ஆரம்பித்தார்.

“உன் கையை நான் பாத்தேன்டா” என்றார் அப்பா. “எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்.” காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த குளிர்காலத்தில் அப்பாவும் போனார். மகனைப் பற்றி அவருக்கு வெட்கம் இருக்கவில்லை. எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

டிர்க் இப்போது வடக்கே குயின்ஸ்லாந்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆலை கைமாறிவிட்டது. தொட்டியைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். நான் அதே பரிசோதனை அறையில்தான் இருக்கிறேன். ஏன் இன்னும் அங்கே போகிறாய் என்று கேட்கிறவர்களுக்கு, வேறு வேலை தெரியாது என்கிறேன்.

தொட்டிக்குப் போகும் முன் எடுத்த அந்த வெள்ளிக்கிழமை மாதிரி, ரெனோவின் கையெழுத்தோடு, ஒரு சின்னச் சீசாவில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை, கருவி சரியாக அளக்கிறதா என்று பார்ப்பதற்கு அதைத்தான் எடுப்பேன். சூடேற்றி, உள்ளே ஒட்டியிருப்பதையெல்லாம் வெளியேற்றி, குளிரில் வைத்து மறுபடி அளப்பேன். எண்களின் கடைசி இலக்கம் கொஞ்சம் முன்பின்னாக ஆடும். எல்லாக் கருவியிலும் அது உண்டு. வளைவு செங்குத்தாக ஏறி, அதே இடத்தில் மடங்குகிறது.