ஊசிக்கரட்டில் பறந்த பூப்பொட்டலம்

கனகம் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு திருட்டுத்தனம் செய்தாள். அதையும் போயும் போயும் முருகனிடமே செய்தாள்.

மகள் புவனா, கட்டினால் சாய்கிருஷ்ணாவைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கோயமுத்தூர்க் கணபதியில் மோட்டார்ப் பட்டறை வைத்திருக்கிறவன், தங்கமான பையன். ஆனால் வேறு சாதி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். கனகத்தின் அண்ணன் திருமலைசாமி மீசையை நீவிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்:

"கரட்டு மேல முருகங்கிட்டப் பூக் கேக்கலாம். வெள்ளை வந்தாக் கல்யாணம். செவப்பு வந்தா அந்தப் பேச்சையே உட்டுப்போடோணும்."

வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று என்று பூவைப் பொட்டலம் கட்டும் வேலை கனகத்துக்கு வந்தது. மகராசி விடிவதற்குள் இரண்டிலும் வெள்ளை அரளியையே வைத்துக் கட்டிப்போட்டாள்!

ஞாயிற்றுக்கிழமையாதலால் ஊசிக்கரட்டுக் குன்றில் திருவிழாக் கூட்டம். கோயமுத்தூர் இளவட்டங்கள் தோளில் பையோடும் கையில் செல்போனோடும் ஏறிக்கொண்டிருந்தார்கள். உச்சியில் நின்றால் தென்னந்தோப்பும் காற்றாலையும் நாலு ஊருக்குத் தெரியும். கனகம் எதைப் பார்த்தாள்? உச்சிக்குக் கொஞ்சம் கீழே செவ்வரளிப் புதர் பூத்துக் குலுங்கியது. அதைப் பார்த்ததும் குற்றவாளிபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பூசாரி இரண்டு பொட்டலங்களையும் வேலடியில் வைத்தார். மலையேற வந்த குடும்பத்துச் சிறுமி ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தால் வெள்ளை! புவனா துள்ளிக் குதித்தாள். சுற்றி நின்றவர்கள் விஷயம் புரிந்து விசிலடித்தார்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். இன்னொன்றை யாரும் பிரித்துவிடக் கூடாதே என்று கனகம் அவசரமாகக் கையை நீட்டினாள் பாருங்கள், அடித்தது ஒரு காற்று! பொட்டலம் விரலில் தட்டிப் பாறைச் சரிவில் பறந்தது.

"ஆன்ட்டி, பயப்படாதீங்க, புடிச்சுத் தாரோம்!" என்று நாலைந்து பேர் பாய்ந்தார்கள்.

"வேண்டாங் கண்ணு! போனாப் போகுது!"

யார் கேட்டார்கள்? நல்ல பிள்ளைகளிடம் மாட்டிக்கொண்டால் இதுதான் கதி. ஒருவன் தொப்பியை வீசினான். ஒருத்தி துப்பட்டாவை விரித்தாள். "அந்தப் பக்கம்! அந்தப் பக்கம்!" என்று கரடே கத்தியது. எல்லாருக்கும் முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியவர் யார் என்கிறீர்கள்? திருமலைசாமி! முட்டிவலி என்று படிக்குப் படி உட்கார்ந்து வந்த மனுஷன்!

செவ்வரளிப் புதரில் சிக்கிய பொட்டலத்தை அவர்தான் எடுத்தார். முதுகைக் காட்டிக்கொண்டு பிரித்தார். புதரோரம் ஒரு தடவை குனிந்து நிமிர்ந்தார்.

கனகத்துக்கு உயிரே போய்விட்டது. மகள் கல்யாணமும் போச்சு, இனி அண்ணன் முகத்தில் முழிக்கவும் முடியாது.

மேலே வந்தவர் பொட்டலத்தை விரித்து உயர்த்திக் காட்டினார்.

"எல்லாரும் பாத்துக்குங்க. இது செவப்பு!"

கைதட்டல் காதைப் பிளந்தது. கனகம் கிட்டே போய்ப் பார்த்தாள். விடியலில் கட்டிய பூ இந்நேரம் வாடியிருக்க வேண்டும். இதன் காம்பிலோ பால் இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

"அண்ணா..."

"ஏன் அம்மணி, மசமசன்னு நிக்கறே?" அவர் சட்டைப்பையை அழுத்தி மூடினார். ஒரு வெள்ளை இதழ் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. "மாப்பிள்ளைக்குப் போனப் போடு. மேல டவர் நல்லாக் கெடைக்குது."