இம்பாலாவுக்கு அடியில்

பெர்டிலைக் கொல்வதற்கு ரூனே அக்டோபர் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததில் பெரிய சூழ்ச்சி ஒன்றுமில்லை. அன்றைக்கு அவன் எப்படியும் வருவான். முப்பத்தொரு வருடமாக அந்தச் சனிக்கிழமை இருவரும் சேர்ந்துதான் தங்கள் பொதுச்சொத்தான பழைய இம்பாலா காரைக் குளிர்காலத்துக்குப் படுக்க வைக்கிறார்கள். பனியை உருக்கச் சாலையில் இரும்பை அரிக்கும் உப்பைத் தூவ ஆரம்பிப்பதற்குள் வண்டி ரூனேயின் கொட்டகைக்குள் போய்விட வேண்டும். ஒத்திப்போடவும் வழியில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை ரூனேவுக்குப் பல் டாக்டர். ஐந்து மாதம் காத்திருந்து கிடைத்த நேரம். சிறையிலிருந்தாலும் பல்லுக்கு வெளியே விடுவார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தான்.

காரணம் உல்லா. இருபத்தேழு வருடம் ரூனேயோடு குடித்தனம் நடத்தியவள், நடுக்கோடை விருந்துக்கு மறுநாள் பாத்திரம்கூடக் கழுவாமல், ஏரிக்கு அந்தப் பக்கம் பெர்டில் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது காப்பி மெஷினை எடுத்துக்கொண்டாள். ஃப்ரீசரிலிருந்த கடமான் இறைச்சியில் பாதியையும் எடுத்துக்கொண்டாள். மனைவி போனதை ரூனே ஜூலை முழுக்க உட்கார்ந்து யோசித்து ஒருமாதிரி விழுங்கிவிட்டான். வேட்டையில் தன் கையால் சுட்ட கடமானை அந்தப் பயல் வறுத்துத் தின்கிறான் என்பதுதான் தொண்டையில் நின்றது.

திட்டத்தில் ஒரே ஒரு சிக்கல். ரூனேவுக்கு முதுகு போய் இரண்டு வருடமாகிறது. வண்டிக்கு அடியில் படுத்துத் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூச முடியாது. அதைப் பூசுவது பெர்டில்தான். ஆகவே பூசி முடித்த பிறகுதான் கொல்ல வேண்டும்.

பெர்டில் சரியாகப் பத்து மணிக்கு வந்தான். கண்ணில் படாமல் நிற்க இடம் தேடுகிறவன் மாதிரி கொட்டகை வாசலில் நின்றான். ஆறடி நான்கு அங்குலத்துக்கு அப்படி ஓர் இடம் அந்த ஊரில் இல்லை.

"குளிருதுடா. காப்பி இருக்கா?"

"காப்பி மெஷின் உன் வீட்ல இருக்கு."

பெர்டில் தொப்பியைக் கழற்றி உள்ளே ஏதோ எழுதியிருப்பதைப்போலப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டான். அதற்கப்புறம் வேலைதான். டாங்க்கை முட்ட நிரப்பினார்கள். டயருக்குக் காற்று ஏற்றினார்கள். எலி குடிபுகாமல் இருக்கப் பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரை சைலன்சர் குழாயில் திணித்தார்கள். பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்தார்கள். பேட்டரி ரூனே வீட்டில் தூங்கும், சாவி பெர்டில் வீட்டில் தூங்கும். ஒருவனை விட்டு ஒருவன் வசந்தத்தில் ஓட்டிவிடக் கூடாது என்று வண்டி வாங்கிய வருடமே போட்டுக்கொண்ட ஒப்பந்தம். ஆரம்பத்தில் சந்தேகம். பிறகு வழக்கம். இப்போது அந்த இரண்டு பேரிடமும் மிச்சமிருந்த ஒரே ஒழுங்கு அதுதான்.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கியதும் பெர்டில் எண்ணெய் டப்பாவோடு மல்லாந்து படுத்தான்.

"ஸ்டாண்டு வெச்சுட்டியா?"

இதுவரை இந்தக் கேள்வியை பெர்டில் கேட்டதே கிடையாது. ஜாக்கி நழுவினாலும் வண்டியைத் தாங்குகிற ஸ்டாண்டை வைக்காமல் அடியில் நுழைகிற முட்டாள் அவன். காலைப் பிடித்து வெளியே இழுத்து, "செத்துத் தொலையப் போறியா?" என்று கத்துகிற ஆள் ரூனே. முப்பது வருடமும் அப்படித்தான்.

"வெச்சாச்சு," என்றான் ரூனே, சுவரோரம் சும்மா நின்ற இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளையும் பார்த்தபடி.

"அப்ப காப்பியாவது கொண்டா. வாணலியில போட்டாலும் சரி."

ரூனே வீட்டுக்குள் போய், பாத்திரத்தில் காப்பித்தூள் கொதிக்கவைத்து, தூள் அடங்கக் காத்திருந்து, இரண்டு கோப்பையில் ஊற்றினான். பெர்டில் கோப்பையில் இரண்டு கட்டி சர்க்கரை போட்டான். கொல்லப்போகிறவனுக்கு எதற்குச் சர்க்கரை என்று ஒரு கணம் தோன்றியது. மூன்றாவது கட்டியையும் போட்டான்.

திரும்பி வந்தபோது வண்டிக்கு வெளியே பெர்டிலின் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. பூட்ஸைக் கழற்றியிருந்தான். சிவப்புக் கம்பளிக் காலுறை, விளிம்பில் வெள்ளைக் கட்டம். போன குளிர்காலம் முழுவதும் உல்லா அதை ரூனேயின் வரவேற்பறையில், ரூனேயின் டிவிக்கு முன்னால் பின்னிக்கொண்டிருந்தாள். இவ்வளவு பெரிய பாதமா எனக்கு என்று அப்போது நினைத்துக்கொண்டான். கிறிஸ்துமஸுக்கு அவனுக்குக் கிடைத்தது ஒரு டார்ச் லைட்.

"முடிஞ்சுதா?"

"கடைசி மூலை. ம்... முடிஞ்சுது."

ரூனே கோப்பைகளைக் கீழே வைத்தான். ஜாக்கியின் கைப்பிடியைப் பிடித்தான். வண்டி இறங்குகிற இடப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றினான்.

சுற்றிய கை சுற்றி முடிப்பதற்குள் வாய் "பெர்டில்!" என்று அலறியது. கால் காப்பியை உதைத்துக்கொண்டு ஓடியது. ரூனே முன் பம்பரை இரண்டு கையாலும் பிடித்து, ஒன்றரை டன் வண்டியைத் தன் செத்துப்போன முதுகால் தூக்கினான். முதுகுக்குள் ஏதோ துணி கிழிகிற மாதிரி கிழிந்தது. வண்டி இரண்டு விரற்கடை இறங்கி, 'டக்' என்று நின்றது.

"விடுடா," என்றது அடியிலிருந்து ஒரு குரல். "ஸ்டாண்டு இருக்கு."

குனிந்து பார்த்தான். இரண்டு பக்கமும் ஸ்டாண்டு. சுவரோரம் வெறும் சுவர்.

"யார் வெச்சது?"

"நான்தான். நீ காப்பி போடப் போனப்ப."

ரூனேவுக்கு முதலில் வந்தது நிம்மதி. அடுத்த மூச்சில் வந்தது, அவனே எதிர்பாராதது, ரோஷம்.

"வெச்சாச்சுன்னு சொன்னேன்ல?"

"சொன்னே."

"முப்பத்தொரு வருஷ சிநேகம். என் ஒரு வார்த்தைய நம்பலியா நீ?"

பெர்டில் ஊர்ந்து வெளியே வந்தான். முகமெல்லாம் எண்ணெய். "கொல்லப் பாத்தவன் பேசற பேச்சாடா இது?" என்று சொல்லிக்கொண்டே எண்ணெய் டப்பாவை வீசினான். அது ரூனேயின் புருவத்தைப் பிளந்துகொண்டு போனது.

அப்புறம் நடந்ததைச் சண்டை என்று சொல்வது சண்டை போடுகிறவர்களுக்கு அவமானம். இரண்டு பேருக்கும் அறுபது தாண்டியாயிற்று. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் மூச்சு வாங்க வேண்டியிருந்தது. ஆனால் விழுந்த அடி ஒவ்வொன்றும் உண்மையான அடி. ரூனே தலையைக் குனிந்துகொண்டு பாய்ந்து பெர்டிலின் வாயில் முட்டினான். பல் ஒன்று பறந்து பெஞ்சுக்கு அடியில் உருண்டது. பெர்டில் ஸ்பேனரை எடுத்து ரூனேயின் முழங்கையில் போட்டான். உள்ளே எலும்பு மணி அடித்த மாதிரி இருந்தது. ரூனே அவன் கையைக் கார் கதவுக்கு நடுவில் வைத்து அடித்துச் சாத்தினான். பெர்டில் ஊளையிட்டான், அப்படியே திரும்பி ரூனேயைத் தூக்கி வண்டியின் பின்முனையில் கூராக நீண்டிருக்கும் வால் இறக்கையில் எறிந்தான். அந்த இறக்கைக்காகத்தான் இரண்டு பேரும் இந்த வண்டியை வாங்கினார்கள். அது ரூனேயின் விலாவில் நேராக ஏறியது.

"கடமான் தலையா! என் கடமானைத் தின்னேல்ல!"

"உப்பு பத்தலடா அது! மூணு வாட்டி சாப்பிட்டேன், மூணு வாட்டியும் உப்பு பத்தல!"

ரூனே காற்றுக் குழாயை அவன் கழுத்தில் சுற்றி இறுக்கினான். பெர்டிலின் முகம் சிவந்து, பிறகு ஊதாவானது. அந்த ஊதா நிறத்தைப் பார்த்ததும் ரூனேயின் விரல்கள் தாமாகவே தளர்ந்தன. இன்று இரண்டாவது தடவையாக அவன் கைகள் அவனைக் காட்டிக்கொடுத்தன. பெர்டில் இருமி, ரத்தத்தைத் துப்பினான். அது பின் மட்கார்டின் வெள்ளைப் பெயிண்டில் போய் விழுந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"உப்பு," என்றான் ரூனே.

"ஆமா. ரத்தத்துல உப்பு இருக்கு."

"மே மாசம் வரைக்கும் விட்டா பெயிண்ட்டத் தின்னுடும்."

பெர்டில் உடையாத கையால் வாளியை எடுத்தான். ரூனே ஸ்பாஞ்சைத் தேடினான். வெந்நீர், சோப்பு, மறுபடி வெந்நீர். கதவு, இறக்கை, பானெட், பம்பர். ரத்தம் எங்கெல்லாம் போயிருந்தது என்று நம்ப முடியவில்லை. ஒருவன் கழுவ, ஒருவன் துடைக்க, துடைக்கிறவன் புருவத்திலிருந்து புதிதாக ஒரு சொட்டு விழ, மறுபடி கழுவினார்கள்.

"தெரிஞ்சும் ஏன்டா அடியில போய்ப் படுத்தே?" என்று ரூனே மெதுவாகக் கேட்டான்.

"எண்ணெய் பூசணும்ல." பெர்டில் ஸ்பாஞ்சைப் பிழிந்தான். "உன்னால குனிய முடியாதே."

ரூனே கண்ணைத் துடைத்துக்கொண்டான். ரத்தம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

வண்டிமேல் போர்வையை விரிக்கும்போது பெர்டில் சொன்னான். "உல்லா ஒண்ணு சொல்லி அனுப்பினா. சாவியக் குடுத்துட்டு வந்துடு, இனிமே அங்க போகாதேன்னு."

ரூனே போர்வையின் ஓரத்தை இழுத்துக் கட்டினான். சாவி இங்கே தங்கினால் பேட்டரியும் சாவியும் ஒரே வீட்டில் இருக்கும். வசந்தத்தில் யாரும் வர வேண்டிய அவசியம் இருக்காது. வண்டி முழுக்க அவனுக்கே. காலையில் பெர்டிலைக் கொல்ல நினைத்தவனுக்கு இது அதைவிட மோசமான விஷயமாகப் பட்டது.

பேட்டரியைத் தூக்கப் பார்த்தான். விலா அனுமதிக்கவில்லை. பெர்டில் ஒற்றைக் கையால் அதை இடுப்பில் அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தான். வழி தெரிந்தவனாக நேரே கொதிகலன் அறைக்குப் போய், பழைய பலகைமேல் வைத்தான். வெளியே வந்து சமையலறை மேஜையருகே நின்றான். காப்பி மெஷின் இருந்த இடத்தில் தூசியில் ஒரு சதுரம்.

பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தான். மேஜைமேல் பிடித்தபடி நின்றான்.

ரூனே அவசரமாக, "செவ்வாய்க்கிழமை எனக்குப் பல் டாக்டர் நேரம் இருக்கு," என்றான். "அஞ்சு மாசம் காத்திருந்தது. நீ போய்க்கோ. என் பல்லு தாங்கும்."

பெர்டில் நாக்கால் வாயிலிருந்த புது ஓட்டையைத் தடவிப் பார்த்தான். "எத்தன மணிக்கு?"

"ஒம்போதரை."

தலையாட்டினான். சாவியில் ஒட்டியிருந்த ரத்தத்தைச் சட்டையில் துடைத்தான், உப்பாயிற்றே. பிறகு அதைத் தன் பைக்குள் போட்டு, மேலே பொத்தானையும் மாட்டிக்கொண்டான்.