துரையின் தலையைத் தின்ற மான்

கொழும்புச் சுவடிக்கூடத்தில் கண்ணாடிக்குள் ஒரு பழைய சுவரொட்டி இருக்கிறது. சீமெந்துப் பைக் கடதாசி. அரிசி மூட்டைமேல் வயிறு பெருத்த துரையொருவர் குந்தியிருக்கிறார். கீழே வெறுங்கோப்பையோடு துறைமுகத் தொழிலாளி. துரைக்குத் தலையில்லை. ‘பூச்சி அரித்தது’ என்று பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் சிரித்த சிரிப்பில் காவலாளி தண்ணீரோடு ஓடிவந்தான்.

பூச்சியாம்!

நாற்பத்து மூன்றாம் ஆண்டு, உலக யுத்தக் காலம். திருகோணமலையில் கடலைப் பார்ப்பதென்றால் கப்பல்களைத் தள்ளிவிட்டுத்தான் பார்க்க வேண்டும், அவ்வளவு கப்பல். அங்கே வேலைசெய்த எங்களுக்கோ அரிசியைப் பாதியாக வெட்டி, மிச்சத்துக்குப் புழுத்த கோதுமை மா தந்தார் பண்டசாலைத் துரை. என் பையிலிருந்த புழுக்கள் பையையும் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போயின. சத்தியம்.

தோணி கட்டும் லாபிர் என் கூட்டாளி. பெட்டி மூடியொன்றில் துரையை அப்படியே செதுக்கினான். விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துப் பூசி, கடதாசியை வைத்துச் சிரட்டை முதுகால் தேய்க்கத் தேய்க்கப் படம் எழும்பியது.

“காசி, இதைப் பார்த்திட்டு நாளைக்கு எல்லாரும் துரையின்ட கந்தோர் வாசலில கூட வேணும். கூடாட்டி நான் தொலைஞ்சன். இப்பிடிச் செதுக்க இந்தத் துறையில வேற ஆர் இருக்கினம்? என்னை மட்டும் தூக்கிக்கொண்டு போவாங்கள்.”

அவன் மனைவி றுக்கியா அதே புழுத்த மாவில் பசை காய்ச்சித் தந்தாள். இருட்டடிப்புத் தொடங்கியதும் மதிலெல்லாம் ஒட்டினோம்.

விடிந்து பார்த்தால் மதில் வெறும் மதில். கோட்டைப் பக்கத்து மான்கள் வரிசையாக நின்று சுவரை நக்கிக்கொண்டிருந்தன.

“பசைக்குள்ள என்னத்தப் போட்ட?” என்று பின்னால் வந்த றுக்கியாவிடம் கேட்டான் லாபிர்.

“உப்புத்தான்.”

“ஒட்டுற பசைக்கு உப்பா?”

“கைப்பழக்கம்! உப்பில்லாமக் கூழ் காய்ச்ச என்ட கைக்கு ஏலாது. ருசியாத்தானே இருந்திருக்கு, ஒரு துண்டும் மிச்சமில்லையே!”

லாபிருக்கு முகம் கறுத்துவிட்டது. அப்போதுதான் ஒரு கொம்பன் மான், பாதி வாயிலும் பாதி கொம்பிலுமாகக் கடைசிச் சுவரொட்டியோடு தெருவில் வந்தது. எதிரே துரை. தன் வயிற்றைத் தானே அடையாளம் கண்டார்.

“பிடி அதை!”

மான் ஓடியது. துரை ஓடினார். கிளாக்கர்மார், பொலிசு, பாரம் தூக்கினவர்கள், துறைமுகமே பின்னால் ஓடியது. கப்பல்களும் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு கரையேறின. சரி, ஒரு கப்பல்.

கந்தோர் வாசலில் மான் நின்றது. துரை பாய்ந்து இழுத்தார். படத்தின் தலை மானின் வாய்க்குள் போக, மிச்சம் அவர் நெஞ்சில் விரிந்தது. தலையில்லாப் படத்துக்குமேல் அவர் தலை அளவெடுத்ததுபோல் பொருந்தி நின்றது!

சிரிப்பில் துறைமுகம் குலுங்கியது. அந்தச் சிரிப்புக்குள்ளிருந்து லாபிர் கத்தினான்: “அரிசி எங்கே?” அத்தனை தொண்டையும் சேர்ந்து கத்தியது. யாரைப் பிடிப்பது? ஊரே நிற்கிறதே! அடுத்த நாளே முழு அளவு அரிசி. அத்தாட்சியென்று பொலிசு எடுத்துவைத்த கடதாசிதான் இப்போது கண்ணாடிக்குள் இருப்பது.

சுவடிக்கூடத்தில் வேலைசெய்யும் பிள்ளையிடம் சொன்னேன். “பூச்சியில்லை, மான்.”

“ஐயா, ஆதாரம் ஏதும் இருக்கா?”

“ஓம், கண்ணாடியைத் திறந்து நக்கிப் பாருங்கோ. இன்னும் உப்புக் கரிக்கும்.”