பால்வண்ணநாதன் வீட்டு ஆக்ஸில்

“ஆக்ஸில் ரெண்டும் கட்டிலுக்கு அடியில கெடக்கு. பொறவு எப்படிட்டி வண்டி குத்தாலம் போவும்?”

“போயிட்டு வந்துட்டேன்னு நான் சொல்லுதேன். போவுமான்னு நீங்க கேக்குதீங்க.”

“ஆக்ஸில் இல்லாம எந்த வண்டியும்...”

“மொதல்ல என் தலையைத் தொட்டுப் பாருங்க அத்தான். ஈரமா இருக்கா, இல்லையா?”

பால்வண்ணநாதன் தொட்டுப் பார்த்தார். ஈரமாகத்தான் இருந்தது. 1976ஆம் வருஷம் ஆனி மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை, தென்காசி சர்வேயர் பால்வண்ணநாதனின் கறுப்பு மாரிஸ் மைனர் கார், பின்பக்க ஆக்ஸில் இரண்டும் இல்லாமல், அவர் மனைவி குழல்வாய்மொழியை ஏற்றிக்கொண்டு மேலகரம் வழியாகக் குற்றாலம் போனது. அவள் பெரிய அருவியில் குளித்து முடிக்கும்வரை நின்றது. பிறகு திரும்பி வந்தது. வரும் வழியில் அவள் மங்குஸ்தான் பழம் வாங்கியிருந்தாள். அவர் அதில் ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, இப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றார். பழம் இனிப்பாக இருந்ததால் இன்னொன்றும் எடுத்துக்கொண்டார்.

வண்டியை அவர் செங்கோட்டை வக்கீல் ஒருவரிடமிருந்து எழுபத்து நான்கில் வாங்கினார். வாங்கிய மாதமே ஆய்க்குடி ரோட்டில் வைத்து மனைவிக்கும் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். இந்த ஒரு நல்ல காரியத்தைத்தான் பிற்பாடு அவர் அடிக்கடி நினைத்து நொந்துகொண்டார். மறு தை மாதம் ஒன்பது சொந்தக்காரர்களையும் ஓர் ஆட்டுரலையும் ஏற்றிக்கொண்டு பண்பொழியிலிருந்து திரும்பும்போது பின்னால் கடகடவென்று ஒரு சத்தம், வண்டி நின்றுவிட்டது. இஞ்சின் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற இரும்புத் தண்டுதான் ஆக்ஸில். அதன் முனையில் இருந்த பற்கள் மழுங்கிப் போயிருந்தன. ஆட்டுரலைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை. ஒர்க்‌ஷாப் மசூது வந்து பார்த்துவிட்டு, வேறு வண்டியின் தண்டை அளவுக்கு வெட்டிக் கடைந்து மாட்டிவிடலாம், இரண்டு நாள் வேலை, ஓடும் அண்ணாச்சி என்றான். ஓடுவது வேறு, ஒரிஜினல் வேறு என்றார் பால்வண்ணநாதன். அந்தத் தண்டையே வீட்டில் வைத்துப் புதுசாக்கிக் காட்டுவதாகவும் சொன்னார். சொன்னது தெருவில் வைத்து, ஏழெட்டுப் பேர் காதில் விழும்படி.

ஆக மழுங்கிய பற்களின் மேல் வெல்டிங் வைத்து நிரப்பி, அரத்தால் ஒவ்வொரு பல்லாக ராவி எடுக்கிற வேலை வீட்டு முன்கூடமான பட்டாசாலையில் தொடங்கியது. ஒன்றைச் செய்துவிட்டு ஜோடியை விடலாமா என்று நன்றாக இருந்த வலது தண்டையும் கழற்றிக்கொண்டார். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நூல் என்பார்கள். அவர் கணக்கில் அரை நூல் பிசகினாலே அது பிசகு. வயல் அளக்கிறவர், வரப்பு அரை நூல் தள்ளிப்போனால் இரண்டு குடும்பம் வெட்டுக்கத்தி எடுக்கும் என்று தெரிந்தவர், இரும்பில் மட்டும் விட்டுக்கொடுப்பாரா? பல் கூடினால் அரம், குறைந்தால் மறுபடி வெல்டிங். இரும்புத்தூள் சோற்றில் கிடந்தது, தலையணையில் கிடந்தது, ஒரு தீபாவளிக்கு அதிரசத்திலும் கிடந்தது. பாட்டரி செத்துவிடக்கூடாது என்று தினமும் பத்து நிமிஷம் இஞ்சினை ஓடவிடும்படி மனைவியிடம் சொல்லியிருந்தார். அந்த வண்டியில் தண்டைக் கழற்றினாலும் சக்கரம் விழாது. இஞ்சின்தான் தன்பாட்டுக்கு உறுமும். குழல்வாய்மொழி ஒன்றரை வருஷம் சொன்னபடி உட்கார்ந்து உறுமவிட்டாள். அந்த வெள்ளிக்கிழமை சாரல் முகத்தில் அடித்ததும், சும்மா இருக்கிற கை சும்மா இராமல் கியரைப் போட்டாள். வண்டி போயிற்று. அவ்வளவுதான் விஷயம்.

அவர் சோதித்தார். டயரில் சாக்பீஸால் கோடு போட்டார், அடியில் படுத்துப் பார்த்தார், தண்டு இருக்க வேண்டிய துளைக்குள் டார்ச் அடித்தார். உள்ளே அடைத்து வைத்த பழந்துணி இருந்தது. பின் ஸீட்டில் ஏறி, கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டி, பின்சக்கரத்தையே பார்த்தபடி ஓட்டச் சொன்னார். வண்டி உறுமியது, நகரவில்லை. “பாத்தியா?” என்றார் சந்தோஷமாக. இறங்கி வேட்டியை உதறித் திரும்புவதற்குள் அது தெருமுனையைத் தாண்டிவிட்டது. எட்டு வருஷத்தில் இருபது, முப்பது தடவை இப்படிப் பார்த்திருப்பார். அவர் கண் சக்கரத்தில் இருந்தால் வண்டி போகாது, எடுத்தால் போகும். தென்காசியில் அந்தக் கார் ஓடுவதைப் பார்க்காத ஒரே ஆள் அதன் சொந்தக்காரர்தான். ஊர் இதற்காக வாய் பிளக்கவில்லை. இரண்டாகப் பிளந்து நின்ற கோயில் கோபுரத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டு வந்த ஊர், வண்டியில் ஒரு தண்டு குறைவதையா பெரிதாக எடுக்கும்? எதிர்வீட்டுச் சுகிர்தம் டீச்சரின் இரண்டு பிரசவத்துக்கும் அந்த வண்டிதான் போனது. சுந்தரபாண்டியபுரத்தில் பெண் பார்த்த வகையில் அதற்கு நாலு கல்யாணம் முடித்துவைத்த பெயர் உண்டு. ரிப்பேர் என்று ஒரு நாள் நின்றதில்லை. மசூதுவே தன் ஒர்க்‌ஷாப்பில் சாமான் குறைந்தால் மதினி வண்டியில் வாங்கிவரச் சொல்லியனுப்பினான்.

அவருக்கு மட்டும் அது ஆறவில்லை. தெரு சிரித்ததைப் பொறுத்துக்கொண்டார். அவரே சில சமயம் சேர்ந்து சிரித்தார். ஆனால் அரத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி வந்து குறுக்கே உட்கார்ந்தது. அதை ஒரே ஒருதரம்தான் வாய்விட்டுக் கேட்டார், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவியிடம்.

“அது இல்லாமலே ஓடுதுன்னா, நான் இத்தன வருஷமா என்னத்தட்டி ராவுதேன்?”

குழல்வாய்மொழி வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு அரத்தை வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள். அரம் மழுங்கிப்போச்சு, நாளைக்கு வரும்போது புதுசு வாங்கியாரேன் என்றாள். மறுநாள் வாங்கியும் வந்தாள், அதே வண்டியில் போய்.

எண்பத்து நான்காம் வருஷம் வைகாசியில் வேலை முடிந்தது. இரண்டு தண்டும் வெள்ளிபோல மின்னின. மாட்டியபோது ஒரு தட்டு தட்ட வேண்டியிருக்கவில்லை, தானாக உள்ளே போய் உட்கார்ந்தன. அரை நூலுக்கும் பேச்சில்லை. தெருவே கூடி நின்றது. அவர் சாவியைத் திருகினார், கியரைப் போட்டார். வண்டி போகவில்லை. மனைவி உட்கார்ந்து பார்த்தாள். போகவில்லை. எல்லோரையும் திரும்பி நிற்கச் சொல்லிப் பார்த்தார்கள், அப்போதும் போகவில்லை. மசூது மூன்று நாள் அடியில் கிடந்துவிட்டுக் கிரீஸ் முகத்தோடு எழுந்தான்.

“எல்லாம் கச்சிதமா இருக்கு அண்ணாச்சி. எங்க கையில இப்படி ஒரு வேலை வராது. வண்டிதான் போவ மாட்டேங்கு.”

ஆனி பிறந்தது. சாரல் விழுந்தது. சுகிர்தம் டீச்சர் குடையோடு வந்து, மதினி நல்லா ஓட்டிக்கிட்டிருந்த வண்டியை எதுக்கு அண்ணாச்சி ரிப்பேர் பண்ணுனீங்க என்று கேட்டுவிட்டுப் போனாள். அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். குழல்வாய்மொழி ஒரு வார்த்தை சண்டைக்கு வராததைத்தான் தாங்க முடியவில்லை. அவள் குற்றால பஸ்ஸுக்கு நின்று, கூட்டத்தில் ஏற முடியாமல் காய்ந்த தலையோடு திரும்பி வந்து உலை வைத்தாள். ஒரு தரம் அல்ல, மூன்று வெள்ளிக்கிழமை. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் இப்படி ஒரு அமைதி இருந்ததில்லை. அந்த மாதம் அவர் சாப்பிட்ட சோறு இரும்புத்தூள் இல்லாமல் ருசியாக இருந்ததும் அவரைப் பயமுறுத்தியது.

நான்காவது வெள்ளிக்கிழமை காலையில், யாரும் சொல்லாமல், அவர் சக்கரத்தடியில் உட்கார்ந்து ஒன்பது வருஷ வேலையை ஒரு மணி நேரத்தில் கழற்றி வெளியே எடுத்தார். கழற்றும்போதும் ஒரு தட்டு தேவைப்படவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. குழல்வாய்மொழி மாற்றுத் துணியை எடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டி வந்து வண்டியில் உட்கார்ந்தாள். தூறல் கனத்தது. தரையில் கிடந்த தண்டுகளின் பற்களில் நீர் கோத்தது. துருப்பிடித்துவிடும் என்று பதறி, பூட்டிய கதவைப் பார்த்து, வேறு வழியில்லாமல் இரண்டையும் துண்டில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டு பின் ஸீட்டில் ஏறினார். நல்ல பாரம். கதவைத் திறக்கவோ தலையை வெளியே நீட்டவோ கை ஒழியவில்லை. துண்டின் நுனியால் ஒவ்வொரு பல்லாகத் துடைத்துக்கொண்டே வந்தவர், குளிர்ந்த காற்று பட்டு நிமிர்ந்தபோது மேலகரம் தாண்டியிருந்தது. இரண்டு பக்கமும் மரங்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. எதிரே மலையில் அருவி வெள்ளையாகத் தெரிந்தது. அதற்குப்பின் அந்த வண்டி ஓடிய காலம் முழுக்க ஆக்ஸில்கள் அவர் மடியில்தான் போய் வந்தன. கேட்டவர்களுக்கெல்லாம், ஒரிஜினல் ஆக்ஸில் உள்ளே இருக்கிறது என்று சொன்னார், அதில் பொய்யும் இல்லை. முதல் நாளான அன்றைக்கு அவர் கொஞ்ச நேரம் மரங்களைப் பார்த்தார், மடியைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

“ஏட்டி குழலு, ஆக்ஸில் வந்த பொறவு வண்டி எப்படிப் போவுது, பாத்தியா?”