பாதி மலையில் நின்ற அலாஸ்கா

2007 ஜனவரியில், மலையடிவாரத்துக் கல்லாற்றிலிருந்து பொன்முடி உச்சிவரை நாய்கள் வண்டி இழுக்கும் பந்தயம் ஒன்றைத் திருவனந்தபுரத்து நாய்ப் பிரியர்கள் சங்கம் நடத்தியது. பனிநாடுகளில் நாய்கள் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு நாள்கணக்கில் ஓடுவதை டி.வி.யில் பார்த்து வந்த ஆசை. இங்கே பனிக்கு எங்கே போவது? தார் ரோடும் மூன்று சக்கர வண்டியும் போதும் என்று முடிவு செய்தார்கள்.

நாய்களைச் சோதிக்க மிருக டாக்டர் ஜானவியை அழைத்திருந்தார்கள். ஸ்ரீவராகம் அக்ரஹாரத்தில் அப்பாவோடு இருப்பவள். விடியும் முன்னே பந்தயம் தொடங்கிவிட வேண்டும் என்ற பேச்சின் பேரில்தான் வந்தாள்.

அலாஸ்கா என்ற ஹஸ்கி நாயை அங்கேதான் முதலில் பார்த்தாள். நீலக் கண், வெள்ளை மார்பு, பனிக்கென்றே வளர்ந்த அடர்ந்த ரோமம். தம்பானூரில் தன் அப்பாவின் ஹோட்டலைப் பார்த்துக்கொள்ளும் பிரவின்ராஜ் அதைப் பெங்களூரிலிருந்து குட்டியாக வாங்கி வந்து வளர்த்திருந்தான். நெஞ்சு, பாதம், ஈறு, எல்லாம் நன்றாக இருந்தன. வண்டியில் பூட்டும் வாரைக் கண்டதும் அது குதித்த குதியில் ஜானவிக்கே சிரிப்பு வந்தது.

ஆனால் கொடியசைக்க வேண்டிய விருந்தாளி வரவில்லை. வெயில் மரங்களுக்கு மேலே வந்துவிட்டது.

“இதுக்கு மேலே ஓட விடக்கூடாது சார்” என்றாள் ஜானவி.

“இப்போ வந்துடுவார் டாக்டரே. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கோ” என்றார் சங்கச் செயலாளர் நாகேஸ்வரன்.

விருந்தாளி வந்தார். வளர்த்தவர்களை ஏற்றிக்கொண்டு வண்டிகள் கிளம்பின. ஜானவி ஜீப்பில் பின்னாலேயே போனாள்.

பாதி மலையில், ஒரு வளைவில், அலாஸ்காவின் பின்னங்கால்கள் பின்னுவதைப் பார்த்து ஜீப்பை முன்னால் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னாள். நாக்கு அகலமாகத் தொங்கி, கருஞ்சிவப்பாகியிருந்தது. வாயில் கெட்டியான நுரை. அப்போதும் அது வாரை இழுத்தபடி மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

“பாத்தீங்களா டாக்டரே, நிக்கவே மாட்டேங்கான்” என்றான் பிரவின்ராஜ். “அவனுக்கு ஓடணும்.”

“ஓடணும்தான். போதும்னு சொல்ல அதுக்குத் தெரியாது. அதை நீங்கதான் சொல்லணும்.”

“டி.வி.காரங்க மேலே நிக்கறாங்க” என்றார் நாகேஸ்வரன் ஜீப்பிலிருந்து. “தண்ணி குடுத்து விடுங்கோ, போகட்டும்.”

பிரவின்ராஜ் மண்டியிட்டு நாயின் மார்பில் கை வைத்தான். இதயத் துடிப்பு அவன் உள்ளங்கையை உதைத்தது. வாரை அவிழ்த்தான். அவிழ்த்ததுமே அலாஸ்கா அவன் மடியில் சரிந்தது.

கல்லாற்றுக்கே திரும்பினார்கள். ஓடும் தண்ணீரில், பாறைகளுக்கு நடுவே, நாயின் தலையை மடியில் தாங்கி அவன் உட்கார்ந்தான். ஜானவி வயிற்றிலும் தொடையிடுக்கிலும் கையால் தண்ணீரை வாரி வாரி ஊற்றினாள். உடம்புச் சூடு இறங்குகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

“கண்ணைத் தொற மக்கா. எனக்கு ஒண்ணும் ஜெயிக்காண்டாம். நீ கண்ணைத் தொற” என்று கெஞ்சினான் பிரவின்ராஜ்.

வெகு நேரத்துக்குப் பிறகு அது கண்ணைத் திறந்து, அவன் மணிக்கட்டை ஒருமுறை நக்கியது. அவன் தேம்பித் தேம்பி அழுதான்.

பிரவின்ராஜ் தங்கியிருந்தது ஹோட்டல் சமையலறைக்கு மேலே, அடுப்புச் சூடு ஏறும் அறையில். அதனால் டிரிப் ஏற்றி முடித்ததும் ஜானவி நாயைத் தன் வீட்டுக்கே கொண்டுபோனாள். ஏஜீஸ் ஆபீஸில் இருந்து ரிட்டயரான அவள் அப்பா நீலகண்டன் வாசலிலேயே மறித்தார்.

“பட்டியா? நாயை ஆத்துக்குள்ளேயா?”

“கிணத்தடியிலே கிடக்கட்டும்பா. அங்கேதான் குளிர்ச்சி.”

மறுநாள் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. ஜானவி சாப்பிட வந்தபோது, அப்பா கிணற்றடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கையை எட்டும் மட்டும் நீட்டி அலாஸ்காவுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

“தொடலை, கேட்டயா. காத்து மட்டும்தான்” என்றார்.

அதற்கடுத்த நாள் அவர் இரண்டு தடவை குளித்தார். ஏன் என்று ஜானவி கேட்கவில்லை.

நாகேஸ்வரன் போன் செய்தார். நாய்க்கு முன்பே ஏதோ வியாதி இருந்தது என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நல்லதாம். “இல்லாத வியாதியை எப்படி சார் சொல்றது?” என்று அவள் போனை வைத்தாள்.

தினமும் சாயங்காலம் பிரவின்ராஜ் வருவான். நீலகண்டன், “உள்ளே வா, உன்னைத்தான் தேடறது” என்பார். ஒருநாள் அவன் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டே சொன்னான்:

“மூணாறுல எங்க அக்கா ஜெஸ்லின் நர்ஸா இருக்கா டாக்டரே. இவனை அங்க விடப்போறேன். இங்கத்த சூடு இவனுக்கு ஆகாது.”

“உங்களாலே இருக்க முடியுமா?”

“முடியாதுதான். அது என் பாடு. இவன் ஏன் படணும்?”

அடுத்த வருடம் சங்கம் வேறு டாக்டரை வைத்துப் பந்தயத்துக்கு ஏற்பாடு செய்தது. பிரவின்ராஜ் நாய் வைத்திருப்பவர்களின் வீடு வீடாகப் போய், கல்லாற்றில் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னான். பேர் கொடுக்க ஆளில்லாமல் பந்தயம் நின்றது.

அதெல்லாம் பின்னால் நடந்தது. உடம்பு தேறி மூணாறுக்குக் கிளம்பிய காலையில் அலாஸ்கா ஜீப்பின் முன்சீட்டில் தாவி ஏறிக்கொண்டது. நீலகண்டன் ஜன்னலருகே போய் நின்றார்.

“அங்கே குளிர் எப்படி?”

“கம்பளி இல்லாம முடியாது சாமி” என்றான் பிரவின்ராஜ்.

“அப்போ சரி” என்றார். எல்லாரும் பார்க்கவே அதன் காதைத் தடவிக் கொடுத்தார்.

ஜீப் தெருமுனை திரும்பியதும் உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்தார். ஜானவி காபி கொண்டுவந்து கொடுத்தாள். பாதி குடித்துவிட்டுக் கேட்டார்:

“மூணாறுக்கு நேரே பஸ் உண்டோ?”