முப்பத்தோரு அடி ஏரியில் தொண்ணூற்று நாலு அடி வலை

அந்தக் கடிதம் வந்தது ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கள் வடகோடி ஊரான டுலூத்தில் அன்று வண்டி கிளம்பாத குளிர். அலுவலகத்துக்கு நடந்தே வந்து, ஒரு கையுறையை மட்டும் கழற்றிவிட்டுக் கணினியைத் திறந்தேன்.

எங்கள் ஆய்விதழ் ஏரிகளையும் அவற்றில் வாழும் மீன்களையும் பற்றியது. வருஷத்துக்கு நாலு இதழ். யாராவது கட்டுரை அனுப்பினால், அதே துறை தெரிந்த வேறு இரண்டு பேருக்கு அனுப்பிச் சரிதானா என்று கேட்போம். அந்த இருவர் யாரென்று எழுதியவருக்குச் சொல்லமாட்டோம். தேறினால் அச்சாகும். முதன்மை ஆசிரியர் பேராசிரியர் வெர்லின் டோலெஃப்சன். நிர்வாக ஆசிரியர் நான், ஆர்டிஸ் லிண்ட்குவிஸ்ட். அவர் மீன்களைப் பார்த்துக்கொள்கிறார், ஆர்டிஸ் அவரைப் பார்த்துக்கொள்கிறாள் என்று எங்கள் மாடியில் சொல்வார்கள். பதினாலு வருஷமாக அப்படித்தான் ஓடியது.

கடிதம் எழுதியவர் இவோன் டேஜர்லே. பள்ளிப் பேருந்து ஓட்டுநர். எழுதியது இவ்வளவுதான்:

'உங்கள் இதழில் பத்தொன்பது வருஷத்துக்கு முன் பேராசிரியர் டோலெஃப்சன் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நீள ஏரியில் தொண்ணூற்று நாலு அடி ஆழத்தில் வலை போட்டு சிஸ்கோ மீன் பிடித்ததாக மூன்றாம் அட்டவணை சொல்கிறது. நான் அந்த ஏரிக்கரையில் குடியிருக்கிறேன். ஏரியின் மிக ஆழமான இடமே முப்பத்தோரு அடிதான். மீதி அறுபத்துமூன்று அடிக்கு வலை எங்கே போனது என்று தெரிவித்தால் நல்லது.'

வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த நிமிஷமே சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் அது சாதாரணக் கட்டுரை இல்லை. சிஸ்கோ குளிர்ந்த, ஆழமான தண்ணீரில் வாழும் மீன். கோடையில் சூடேறும் ஆழமில்லாத ஏரியிலும் அது பிழைக்கும் என்று சொன்னதால்தான் வெர்லினுக்குப் பெயர் வந்தது. இருநூற்றுச் சொச்சம் கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருக்கின்றன. வரும் ஜூனில் எங்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அவருக்குப் பதக்கம் தரப்போவதும் அதற்காகத்தான். அவர் மனைவி அதற்கென்று அவருக்குப் புது கோட்டுகூட வாங்கி வைத்துவிட்டாள்.

முதலில் இவோனுக்குப் போன் செய்தேன். பேருந்தைக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பேசினாள்.

"குப்பையில போட்டிருப்பீங்கன்னு நெனைச்சேன்," என்றாள். "நான் பன்னண்டாங் கிளாஸ்தான் படிச்சிருக்கேன். முன்னாடியே சொல்லிடறேன்."

"எங்க படிவத்துல படிப்புக்குக் கட்டமே கிடையாதுங்க. ஆனா வேற ஒண்ணு கேக்கணும். இந்த விஷயத்துல உங்களுக்குச் சொந்த லாபமோ, சொந்தப் பகையோ ஏதாவது இருக்கா? இருந்தா வெளிப்படையா போடணும்."

"ஏரிக்கரையில வீடு இருக்கு. படகு இருக்கு. அந்தக் கட்டுரையை நம்பி பதினேழு வருஷமா தூண்டில் போடறேன். ஒரு சிஸ்கோகூட மாட்டல. அந்தக் கடுப்பும் இருக்கு. எல்லாத்தையும் போட்டுக்கோங்க."

போட்டுக்கொண்டேன். கடுப்பை மட்டும் 'நீண்டகால அக்கறை' என்று மாற்றினேன்.

பிற்பகல் வெர்லின் வந்தார், பனி ஒட்டிய தொப்பியோடு. கடிதத்தைக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். மறுபடி உட்கார்ந்து படித்தார்.

"அச்சுப் பிழைம்மா," என்றார். "இருபத்துநாலா இருக்கும். இணையத்துல அந்த ஒரு எண்ணை மாத்திடு. அந்தம்மாவுக்கு நன்றின்னு ஒரு வரி எழுதிடலாம்."

"இருபத்துநாலுன்னு எதை வச்சுச் சொல்றீங்க?"

"தொண்ணூத்துநாலு இருக்க முடியாதே, அதை வச்சுத்தான்."

"அது அந்தம்மா சொன்னது. நீங்க சொல்றதுக்கு என்ன ஆதாரம்?"

அவர் என் மேசையின் முனையைப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் இன்னொன்றைச் சொன்னார். "சரி, முறைப்படியே போகட்டும். ஆனா வரிசையில நிறைய கிடக்கே. இது மெதுவா, ஜூனுக்கப்புறம் வந்தா என்ன ஆகிடும்?"

அவரை அப்படி நான் பார்த்ததில்லை. மாணவன் ஒருவன் ஒரு மீனை இரண்டு முறை எண்ணிவிட்டான் என்பதற்காக ஒரு மாத வேலையைத் திரும்பச் செய்ய வைத்த மனிதர். எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தமாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் சொன்னேன்.

"வெர்லின், இது உங்க கட்டுரை. இதைப் பத்தி முடிவெடுக்கிற இடத்துல நீங்க உக்காரக் கூடாது. இந்த விதியை எழுதினதே நீங்கதான், கீழ உங்க கையெழுத்து இருக்கு. இன்னிக்கே தண்டர் பேக்கு அனுப்பறேன். க்வென் மோஃபட் பாத்துக்கட்டும்."

க்வென் மோஃபட் எங்கள் துணை ஆசிரியர்களில் ஒருத்தி. தண்டர் பே என்ற கனடா ஊர்க்காரி. வெர்லினோடு சேர்ந்து ஒரு கட்டுரையும் எழுதாதவள், அவரிடம் படிக்காதவள், அவரைக் கண்டு பயப்படாதவள். இந்த மூன்றும் சேர்ந்த ஆள் எங்கள் துறையில் அதிகம் கிடையாது.

அவர் எழுந்து போகுமுன், அவர் கண்ணெதிரிலேயே அந்தக் கோப்பிலிருந்து அவர் பெயரை நீக்கிவிட்டேன். இனி அவர் திறந்தால் 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்றுதான் வரும்.

அடுத்த பத்து நாள் எங்கள் மாடிக்கே நல்ல பொழுதுபோக்கு. புதன்கிழமை வெர்லின் எலுமிச்சை கேக் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்கும் கறியும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ், பாத்திரத்தோடு.

"தண்டர் பேல குளிர் எப்படியாம்?" என்றார், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

"செய்தியில சொல்வாங்க, பாருங்க."

"க்வென் நல்லாயிருக்காளா?"

"இருக்கா. ஹாட்டிஷ்ல உப்பு கம்மி."

"ரெண்டு பேர்கிட்ட மதிப்பாய்வுக்கு அனுப்பியிருப்பா, இல்ல?"

"வெர்லின்."

"சும்மா கேட்டேன்மா."

பதினோராம் நாள் காலை அவர் வந்த கோலத்தைப் பார்த்துப் பதறிப்போனேன். சட்டை முழுக்கத் தூசி, தலையில் ஒட்டடை. கையில் தண்ணீர் பட்டு ஊதிப்போன ஒரு பச்சை நோட்டு. மூன்று நாளாகத் துறையின் நிலவறையில் பெட்டி பெட்டியாகத் துழாவியிருக்கிறார்.

"ரெண்டு நீள ஏரி," என்றார்.

"என்னது?"

"அந்தக் கோடையில ரெண்டு குழுவா போனோம். ஒண்ணு இட்டாஸ்கா பக்கம், ஒண்ணு கிழக்க. ரெண்டு பேரும் போன ஏரிக்கும் நீள ஏரின்னுதான் பேரு. ஆழமான நீள ஏரியில மீன் புடிச்சிருக்கோம். ஆழமில்லாத நீள ஏரியில தண்ணியோட சூட்டை அளந்திருக்கோம். மாதிரி எடுத்த குப்பி மேல வெறுமனே 'நீ.ஏ.'ன்னு எழுதியிருக்கு. நான் ரெண்டையும் ஒரே ஏரின்னு சேத்துட்டேன்."

எங்கள் மாநிலத்தில் நீள ஏரி என்ற பெயரில் நூறு ஏரிக்கு மேல் உண்டு. ஏரிக்குப் பெயர் வைத்தவர்களுக்கு அவசரம் போலிருக்கிறது.

"அப்ப அந்தச் சூடான ஏரியில..."

"சிஸ்கோவே கிடையாது. அந்தம்மா பதினேழு வருஷமா இல்லாத மீனுக்குத் தூண்டில் போட்டிருக்கு." சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். தும்மலும் சிரிப்புமாக, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு. எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அடுத்த அறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டார்.

சிரித்து முடித்ததும் நான் ஒன்று கேட்டேன். "குப்பியில எழுதினது யாரு?"

யாரென்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு உதவியாளனாக இருந்தவன் இன்று மேற்கே ஒரு துறைக்கே தலைவன்.

"எழுதினது யாரா இருந்தா என்ன? கட்டுரையில பேர் போட்டது நான். சேக்கறதுக்கு முன்னால ஒருதரம் பாத்திருக்க வேண்டியதும் நான்." நோட்டை என் மேசைமேல் வைத்தார். "இதை க்வென்னுக்கு அனுப்பு. எனக்கு எந்தப் பதிலும் வேண்டாம்."

போகிறபோது கதவருகே நின்றார். "அன்னிக்கு ஜூன்னு சொன்னேனே, அதை மறந்துடு."

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

அன்று மாலையே, பதக்கம் வேண்டாம் என்று பதக்கக் குழுவுக்கு அவரே எழுதிவிட்டார்.

மார்ச் மாதம் மதிப்பாய்வாளர்கள் இருவரும் ஒரே முடிவைச் சொன்னார்கள். கட்டுரையின் முக்கிய முடிவே நிற்கவில்லை, திருத்தம் போதாது, திரும்பப் பெற வேண்டும். அந்த அறிவிப்பை வெர்லின் எழுதினார். முதல் வரைவு மூன்று பக்கம். அந்தக் கோடையின் மழை, கொசுத் தொல்லை, பழுதான ஜீப், தன் இளமை, எல்லாம் இருந்தது. க்வென் எனக்குப் போன் செய்தாள்.

"ஆர்டிஸ், அந்த மனுஷன்கிட்ட சொல்லு. மன்னிப்புக்கு முன்னுரை வேண்டாம். எது தப்பு, எப்படி ஆச்சு, எதை இனிமே நம்பக் கூடாது, யாரு கண்டுபிடிச்சாங்க. அவ்வளவுதான்."

கடைசியில் ஐந்து வாக்கியம் மிஞ்சியது. ஐந்தாவது வாக்கியம் இவோன் டேஜர்லேக்கு நன்றி. கட்டுரையை இணையத்திலிருந்து நாங்கள் அழிக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கேயும் 'திரும்பப் பெறப்பட்டது' என்ற எழுத்தோடு அது அங்கேயே இருக்கிறது. இருந்ததை இல்லையென்று ஆக்குவது எங்கள் வேலை இல்லை. இவோனின் கடிதமும், கடுப்பு நீங்கலாக, அதே ஏப்ரல் இதழில் வந்தது.

வெர்லின் நான்கு நாள் போனை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் எடுத்தபோது பேசியவர் விஸ்கான்சினில் ஒரு பேராசிரியை. தன் பழைய தரவையும் எடுத்துப் பார்த்தாளாம். அவளுக்குச் சேற்று ஏரி என்று ஒரே பெயருள்ள இரண்டு ஏரிகள் கலந்துபோயிருந்தன. மே மாதத்துக்குள் எங்களுக்கு இப்படி மூன்று திருத்தங்கள் வந்தன, எல்லாம் எழுதியவர்களே அனுப்பியது. பதினாலு வருஷத்தில் அதற்குமுன் தானாக வந்தது ஒன்றே ஒன்று.

ஜூன் கூட்டத்தில் பதக்கம் மிச்சிகனிலிருந்து வந்த ஒரு நத்தை ஆராய்ச்சிக்காரிக்குப் போனது. வெர்லின் புது கோட்டைப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டினார். மறுநாள் அவருக்குப் பேச இருபது நிமிஷம் கொடுத்திருந்தார்கள். எப்படித் தப்பு செய்தேன் என்பதைத் தவிர வேறெதையும் அவர் பேசவில்லை. பச்சை நோட்டின் பக்கத்தைத் திரையில் போட்டு, "நான் கண்டுபிடிச்ச ஒரே புது உயிரினம், ஊருக்கு ஊர் நீந்திப்போற ஏரி" என்றபோது கூடமே சிரித்தது. கடைசி வரிசையில் ஓட்டுநர் ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருந்த இவோனை எழுந்து நிற்கச் சொன்னார். அவள் எழாமல் கையை மட்டும் தூக்கினாள். கைதட்டல் ஓய நேரமாயிற்று.

வெளியே காப்பி மேசையருகே அவர்கள் இருவரும் முதல்முறையாக நேரில் பேசினார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"பேராசிரியரே, உங்களால எனக்குப் பதினேழு கோடை வீணாப் போச்சு."

"ஏங்க, வேற மீன் ஒண்ணும் மாட்டலையா?"

"மாட்டுச்சு. ஆனா மனசு சிஸ்கோ மேலயே இருந்துச்சே!" பிறகு பையிலிருந்து ஒரு கட்டு நோட்டுகளை எடுத்தாள். "சரி, இதைப் பாருங்க. வாராவாரம் வெள்ளைத் தட்டைத் தண்ணியில இறக்கி, எவ்வளவு ஆழம் வரைக்கும் தெரியுதுன்னு எழுதி வச்சிருக்கேன். எதுக்காவது ஆகுமா?"

வெர்லின் நோட்டுகளைப் புரட்டினார். தேதி, நேரம், காற்று, மேகம், ஏரியின் முழுப் பெயர், மாவட்டம், படகு நின்ற இடம். ஒரு வாரம்கூட விட்டுப்போகவில்லை. அவர் காப்பி ஆறியது.

அந்தக் கோடை முழுக்க அவர் வாரம் ஒருநாள் அவள் வீட்டுக்குப் போய்க் கணக்கு போடுவது எப்படி, படம் வரைவது எப்படி என்று காட்டினார். கட்டுரையை அவளே எழுதினாள். முடிந்ததும் மேலே இரண்டு பெயர் போட்டு எனக்கு அனுப்பிவைத்தாள். அன்று சாயங்காலமே வெர்லின் போன் செய்தார்.

"என் பேரை எடுக்கச் சொல்லிட்டேன். அளந்தது அவ, யோசிச்சது அவ, எழுதினது அவ. நான் கால்குலேட்டர் வேலை பாத்தேன். நன்றி பகுதியில ஒரு வரி போதும்."

"அந்தம்மா என்ன சொன்னா?"

"பேராசிரியர் பேர் இருந்தாத்தான் மதிப்புன்னா. என் பேருக்கு இப்ப என்ன மதிப்புன்னு கேட்டேன். அதுவும் சரிதான்னுட்டா, பாவி."

கட்டுரையை வேறு ஆசிரியர் பார்த்தார், முகம் தெரியாத இரண்டு பேர் மதிப்பாய்வு செய்தார்கள், இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். இவோன் பொரிந்து தள்ளினாள். ஆனாலும் காலைச் சவாரிக்கும் மாலைச் சவாரிக்கும் நடுவே, பேருந்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதினாள். அடுத்த வருஷம் ஏப்ரல் இதழில் அது வந்தது.

இதழை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் பக்கத்தை நகலெடுத்து, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் பிள்ளைகள் கண்ணில் படும்படி ஒட்டிவைத்தாள். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஏறும்போது அதை நிதானமாகப் பார்த்தாளாம்.

"இது என்ன, உங்க லைசென்ஸா?"

"ஆமாடி செல்லம்," என்றாளாம் இவோன். "ஏரிக்கு வாங்கினது. போய் உக்காரு."